ஒத்திகையும் நடிகன் உள்ளமும்

இயல், இசை, நாடகம் என மூவகைப்பட்ட தமிழுள், மாணவராகிய நம்மிடையே முறையான பயிற்சியின்றி நிற்பது நாடகத்தமிழ் ஒன்றே. இயற்றமிழை நாடோறும் வகுப்பில் ஓதுகின்றோம். இசைத்தமிழைக் கல்லூரிச் சிற்றாலயத்தில் கீர்த்தனைகளாகவேனும் பாடுகின்றோம். நாடகமோ ஆண்டு விழாவை ஒட்டித் தோன்றி, விழாப் பந்தரைப் பிரிக்கும்போதே தானும் மறைந்துவிடுகின்றது. விழா நெருங்கிய பின்னர்ச் சிலர் கூடி, உரைகளைப் பங்கிட்டு நெட்டுருச் செய்து, உடையும் அணியும் தேடுவதிற் பெரும்பொழுதைப் போக்கி, இரண்டு மூன்று ஒத்திகைகளோடு மேடையேறுகின்றனர். உரை தடையின்றி வந்துவிட்டால் ஒத்திகை முற்றிற்று என்பதே பலர் எண்ணம்.

இங்ஙனம் ஆடப்பெறும் நாடகங்களில் அரசன் என்றால் முழக்கம், தாய் என்றால் விம்மல், கயவன் என்றால் உரத்த நகைப்பு என ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அச்சு முன்னரே வார்த்து வைக்கப்பட்டிருக்கும். காண்போர் கைதட்டுதலும் உண்டு. ஆயினும் மறுநாட் காலையில் அம்மாந்தருள் ஒருவரேனும் அவர் நினைவில் நிற்பதில்லை. மாணவர்பால் திறமை இல்லை என்று இதற்குக் காரணம் கூறுதல் பொருந்தாது. அவர்க்கு உதவ வேண்டிய ஆசிரியரும் தோழரும் உதவும் முறையை அறியாமையே காரணம் என்பது எம் கருத்து. நடிக்கும் மாணவன் தன் பாத்திரத்தின் உள்ளத்தை ஆழ்ந்து உணர்தற்கு ஒத்திகை எவ்வாறு நடைபெறுதல் வேண்டும், உடனிருந்து காண்போர் குறைநிறைகளை எவ்வாறு எடுத்துரைத்தல் வேண்டும் என்னும் இரண்டனையும் இங்கு ஆராய்வோம்.

மெய்ப்பாடு பிறக்கும் முறை

நடிப்பைப் பற்றிய ஆராய்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் பொருளதிகாரத்துள் மெய்ப்பாட்டியல் என ஓரியலே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறினார். கூறியதோடு அமையாது, அவற்றுள் ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்றும் பகுத்துக் காட்டினார். அழுகை என்னும் பெயர் ஒன்றேயாயினும், பிறரால் இகழப்பட்டு அழுதலும், உரியவற்றை இழந்து அழுதலும், பண்டை நிலைமையினின்று தளர்ந்து அழுதலும், வறுமையுற்று அழுதலும் தம்முள் வேறு. அச்சமும் அவ்வாறே. கள்வரைக் கண்டு அஞ்சுவோன் உடல் நிற்கும் நிலை ஒன்று. தன் அரசன் முன் அஞ்சி நிற்போன் நிலை மற்றொன்று. ஆகலின், 'அழு' என்றோ 'அஞ்சு' என்றோ ஒரு மாணவனை ஏவுதல் அவனுக்கு எதனையும் கூறியதாகாது. எதன்பொருட்டு அழுகின்றான், யாரை அஞ்சுகின்றான் என்பது தெளிந்த பின்னரே அவன் கண்ணும் கையும் செய்வதறியும்.

உரையாசிரியர்கள் இதனை இன்னும் நுணுகி நோக்கினர். சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அப்பொருளைப் பொறிகளால் உணர்தல் இரண்டாவது. அவ்வுணர்வு மனத்துப் பட்டவழி உள்ளத்தில் நிகழும் குறிப்பு மூன்றாவது. அக்குறிப்பினாற் கண்ணீர் அரும்பல், மெய்ம்மயிர் சிலிர்த்தல் முதலியனவாக உடம்பில் தோன்றும் வேறுபாடு நான்காவது. காட்டு வழியிற் செல்லும் ஒருவனுக்குப் புலி எதிர்ப்படுகின்றது. அவன் அதனைக் காண்கின்றான். அவன் உள்ளம் அஞ்சுகின்றது. அதன்பின்னரே அவன் உடல் நடுங்குகின்றது. இந்நான்கும் இம்முறையிலன்றிப் பிறழ்ந்து நிகழா.

நம் ஒத்திகைகளில் நிகழ்வது யாது? நான்காவது படியாகிய உடல் வேறுபாட்டையே முதலிற் பயில்கின்றோம். 'இன்னும் நடுங்கு, குரலை உயர்த்து, பல்லைக் கடி' என்று கற்பிக்கின்றோம். மாணவனும் நடுங்குகின்றான், ஆனால் அவன் கண்முன் புலி இல்லை. காண்போரும் அவன் நடுங்குதலை மட்டுமே காண்கின்றனர், புலியைக் காண்பதில்லை. மாணவன் நடிப்பிற் குறை தோன்றும்போதெல்லாம் அவனை நான்காம் படியினின்றும் முதற்படிக்குத் திருப்பி அழைத்துச் செல்லுதலே ஆசிரியரும் தோழரும் செய்யத்தக்க உதவியாகும். இக்கட்டுரையில் யாம் கூறப்போவன யாவும் இவ்வொன்றன் விரிவே.

தமிழ் நாடகத்தை இலக்கண முறையால் ஆராயும் முயற்சி அண்மைக் காலத்தும் நிகழ்ந்துள்ளது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய பரிதிமாற் கலைஞர் 1897-ஆம் ஆண்டில் நாடகவியல் என்னும் நூலை இயற்றினார். விபுலாநந்த அடிகள் 1926-ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ்ச் சுவை இலக்கணம் கொண்டு ஆராய்ந்தார். சென்னையில் 1891-ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் தொடங்கிய சுகுண விலாச சபையோ, கற்றவரும் தத்தம் தொழிலுக்கிடையே ஒத்திகை செய்து மேடையேறலாம் என்பதனை நடத்திக் காட்டிற்று. மாணவர் நாடகத்துக்கு அச்சபை நெருங்கிய முன்னோடி எனலாம்.

உருசிய நாட்டிற் கண்ட உண்மை

நம் உரையாசிரியர் கூறிய முறையை உருசிய நாட்டு நடிகர் ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் உழைத்துத் தாமே கண்டறிந்தார். அவர் பெயர் கான்ஸ்தாந்தின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. காலம் 1863 முதல் 1938 வரை. அவரும் நெமிரோவிச் தான்சென்கோ என்பாரும் 1897-ஆம் ஆண்டில் ஓர் உணவு விடுதியிற் சந்தித்து, ஒரு பிற்பகல் தொடங்கி மறுநாட் காலை வரை உரையாடிய பயனாக, 1898-ஆம் ஆண்டில் மாஸ்கோ கலை அரங்கம் தோன்றிற்று. அவ்வாண்டிறுதியில் அவர்கள் ஆடிய நாடகங்களுள் ஒன்று ஆன்தன் செக்காவ் எழுதிய 'கடற்பறவை'. அதே நாடகம் 1896-ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க்கு நகரிற் சில நாள் ஒத்திகையோடு மேடையேறி, முதல் நாளிலேயே பெருந்தோல்வி கண்டிருந்தது. ஆசிரியர் மனமுடைந்து, இனி நாடகமே எழுதுவதில்லை என்னும் அளவுக்குச் சென்றிருந்தார். மாஸ்கோ நகரிலோ பொறுமையோடு பலகாலும் ஒத்திகை செய்து ஆடியபோது அது பெருவெற்றி பெற்றது. நூல் ஒன்றே, ஒத்திகையே வேறு.

ஆயினும் இவ்வரலாற்றில் நாம் கருத்திற் கொள்ள வேண்டுவது அவ்வெற்றியன்று, அதன்பின் நிகழ்ந்ததே. 'கடற்பறவை'க்கு ஒத்திகை செய்த காலத்தில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி ஒவ்வொரு நடிகரும் எங்கே நிற்றல் வேண்டும், எப்பொழுது திரும்புதல் வேண்டும், எங்கே வாய்வாளாது இருத்தல் வேண்டும் என்பனவற்றையெல்லாம் தாமே முன்னதாக எழுதி வைத்து அவ்வாறே நடத்தினார். பிற்காலத்தில் அம்முறையைத் தாமே கைவிட்டார். 1906-ஆம் ஆண்டுக் கோடையிற் பின்லாந்தில் ஓய்வாக இருந்தபோது, இப்சன் இயற்றிய 'மக்கட் பகைவன்' என்னும் நாடகத்தில் தாம் பல்லாண்டு ஏற்று நடித்த மருத்துவர் ஸ்தோக்மன் என்னும் பாத்திரத்தை அவர் எண்ணிப் பார்த்தார். அப்பாத்திரத்தின் நடையும் விரலசைவும் தம் உடலில் அப்படியே இருக்க, அவற்றை முதன்முதற் பிறப்பித்த எண்ணமும் உணர்வும் தம்மைவிட்டு நீங்கிவிட்டதை உணர்ந்து திடுக்குற்றார். புகழ் பெற்ற நடிகருக்கே நான்காம் படி நின்று, முதற்படி மறைந்துவிடுதல் கூடுமாயின், மாணவராகிய நமக்குக் கூறவும் வேண்டுமோ?

உணர்ச்சியை 'வா' என ஏவி அழைத்தல் இயலாது என்பதும், பாத்திரம் நிற்கும் சூழ்நிலையை நுணுகி அறிந்து, 'யான் இந்நிலையில் இருப்பின் யாது செய்வேன்?' என வினவிச் செயலில் இறங்குவோனை உணர்ச்சி தானே வந்தடையும் என்பதும் அவர் தம் மாணவர்க்குக் கற்பித்த கொள்கைகளுள் தலைமையானவை.

நூலை உசாவுதல்

சூழ்நிலையை அறிதற்கு முதற் கருவி நூலே. மிஷன் கல்லூரிகளில் அடிக்கடி நடிக்கப்பெறும் கெட்ட குமாரன் உவமையை எடுத்துக்கொள்வோம். லூக்கா சுவிசேஷம் 15-ஆம் அதிகாரத்தில் உள்ள இவ்வுவமையை நாடகமாக்குவோர் இளைய மகனுக்கும் தந்தைக்குமே பெரும்பகுதியை வகுத்து, மூத்த மகனை முகஞ்சுளித்து நிற்கும் பொறாமைக்காரனாக இறுதியிற் கொண்டுவந்து நிறுத்துவர். அப்பகுதி யாரும் விரும்பாத பகுதியாதலின், ஒத்திகைக்குப் பிந்தி வந்தவனுக்கே பெரும்பாலும் கிடைக்கும்.

ஆனால் நூலை மெல்லப் படித்து வினவுவோமாயின் அம்மூத்தவன் நம் கண்முன் எழுந்து நிற்பான். அவன் எங்கிருந்து வருகின்றான்? வயலிலிருந்து. நாள் முழுதும் உழைத்த உடலோடு வீட்டை அணுகும்போது ஆடலும் பாடலும் கேட்கின்றன. தன் வீட்டு விழாவைத் தான் அறியாது, ஊழியக்காரன் ஒருவனை அழைத்து வினவும் நிலை அவனுக்கு நேர்கின்றது. ஊழியக்காரன் 'உன் சகோதரன் வந்தான்' என்னும் கருத்துப்பட விடை கூறுகின்றான். தந்தையிடம் பேசும்போது மூத்தவன் 'என் தம்பி' எனக் கூறுகின்றானில்லை. 'உம்முடைய மகன்' என்னும் பொருள்படவே கூறுகின்றான். தந்தையோ மறுமொழியில் மீண்டும் 'உன் சகோதரன்' என அவ்வுறவையே திருப்பி அவன் கையில் வைக்கின்றார். இவ்வொரு சொல் மாற்றத்தை உணர்ந்த நடிகனுக்கு முகஞ்சுளிக்கக் கற்பிக்க வேண்டுவதில்லை.

இன்னும் ஒன்று. இளையவன் துன்மார்க்கமாய் வாழ்ந்து சொத்தை அழித்தான் என்பதே கதையில் முன்னர்க் கூறப்படுவது. வேசிகளோடு அதனை அழித்தான் என்னும் செய்தி மூத்தவன் வாயிலாகவே முதன்முதல் வெளிப்படுகின்றது. அவன் அதனை எவ்வாறு அறிந்தான்? யாரேனும் கூறக் கேட்டனனா? அல்லது இத்தனை ஆண்டும் வயலில் தனியே உழைக்கும்போது தானே எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டனனா? விடையை நூல் கூறவில்லை. நடிகன் ஒரு விடையைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். எதனைத் தேர்ந்தாலும் அவ்வுரையை அவன் கூறும் குரல் மாறிவிடும். தந்தை வெளியே வந்து வருந்தி அழைத்த பின் மூத்தவன் உள்ளே சென்றானா என்பதையும் ஆண்டவர் கூறாமலே உவமையை முடித்துவிட்டார். அவனைக் கயவனாக நடித்துவிட்டால் காண்போர் அனைவரும் இளையவன் பக்கம் சேர்ந்து களிப்போடு வீடு திரும்புவர். அவனை அவன் நியாயத்தோடு நடித்தால், ஒழுங்காக ஆலயத்துக்கு வருவோர் பலர் வாயிற்புறத்தில் அவனோடு தாமும் நிற்றலை உணர்வர். உவமையின் கூர்மை அங்கேயன்றோ உள்ளது?

பாண்டியனை நடித்தல்

இனி, தமிழ் மாணவர் பெரிதும் விரும்பி நடிக்கும் வழக்குரை காதைக் காட்சிக்கு வருவோம். கண்ணகியாக நடிப்பவர்க்கு அக்காட்சியிற் குறை நேர்வது அரிது. நூலே அவரைத் தாங்கிச் செல்லும். பெரிதும் கெடுக்கப்படுவது பாண்டியன் நெடுஞ்செழியனே. மீசையை முறுக்கி, அரியணையினின்றும் துள்ளி எழுந்து, கண்ணகியை அதட்டும் கொடுங்கோலனாக அவனைக் காட்டுதல் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு காட்டிய பின்னர், அவன் தன் பிழையை உணர்ந்து உயிர் துறக்கும்போது காண்போர்க்கு வியப்புத் தோன்றுமேயன்றி இரக்கம் தோன்றாது. கொடுங்கோலன் ஒருவன் நீதி தவறியதற்காக உயிர் விடான். நீதியைத் தன் உயிரென எண்ணியிருந்தோன் ஒருவனே அவ்வாறு இறத்தல் கூடும்.

இப்பகுதியை ஏற்ற மாணவனுக்கு எவ்வாறு உதவலாம்? 'அவ்வளவு கத்தாதே' என்றால் அவன் தாழ்ந்த குரலிற் பேசுவான், பாத்திரம் மாறாது. மாறாக, அவனை முந்திய காதைக்கு அனுப்புதல் வேண்டும். கோவலனைக் கொல்லும் ஆணையை இவன் எந்நிலையிற் பிறப்பித்தான்? கூத்தியரின் ஆடலும் பாடலும் அரசன் நெஞ்சைக் கவர்ந்தன என ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோய் எனக் கூறி அகன்றுவிட்டாள். அமைச்சர் குழுவை நீங்கி, அவளைத் தெளிவிக்க விரைந்து சென்றுகொண்டிருந்த அரசன் காலில், தேவியின் சிலம்பைத் தானே கவர்ந்த பொற்கொல்லன் வந்து வீழ்ந்து, கள்வன் அகப்பட்டான் எனக் கூறுகின்றான். தேவியின் சிலம்பு மீள்வதாயின் அவள் ஊடலும் தீருமன்றோ? ஒரு கணம் நின்று வினவியிருக்கலாம், அரசன் நிற்கவில்லை. சிலம்பு அவன் கையதாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க எனக் காவலரை ஏவிவிட்டு மேலே சென்றான்.

இதனை அறிந்த மாணவன் கொடுமையைத் தேட வேண்டுவதில்லை. அவன் தேட வேண்டுவது அவ்விரைவை. வேறொன்றை எண்ணிக்கொண்டே ஒரு சொல்லை உதிர்த்துவிடும் நம்மனோர் இயல்பை. அவ்விரைவு அவன் வாழ்விலும் உண்டு. நம் அனைவர் வாழ்விலும் உண்டு.

இனி அவைக்களத்தில் நிகழ்வனவற்றைப் படிப்படியாக உசாவலாம். கண்ணகி நுழைதற்கு முன் அவன் யாது கேட்டுக்கொண்டிருக்கின்றான்? தேவி தான் கண்ட தீக்கனாவைக் கூறிக்கொண்டிருக்கின்றாள். ஆகவே அவன் உள்ளத்தில் ஒரு கலக்கம் முன்னரே விழுந்திருத்தல் வேண்டும். கண்ணீரோடு நிற்கும் அயலாளை அவன் முதலில் வினவுவது அவள் யார் என்பதே. அதட்டலுக்கு அங்கே இடமில்லை. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என அவன் கூறும்போது தன்னைப் பொய்யாக மறைக்கின்றானா, மெய்யாகவே நம்புகின்றானா? மெய்யாகவே நம்புகின்றான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என அவள் கூறியதும், தம் சிலம்பின் பரல் முத்து என அவனே உரைத்துச் சிலம்பைக் கொணரச் செய்கின்றான். குற்றமுடையோன் ஆய்வை அஞ்சுவான். இவனோ ஆய்வைத் தானே வேண்டுகின்றான். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் அவன் முகத்தெதிரே தெறிக்கின்றது.

அங்கே நடிகன் செய்ய வேண்டுவது யாது? ஒன்றும் செய்யாது அப்பரலைக் காண்டலே. பொருள், பொறியுணர்வு, உள்ளக்குறிப்பு, மெய்வேறுபாடு என்னும் நான்கு படிகளும் அவ்வொரு கணத்தில் அடங்கியுள்ளன. அவன் பரலைக் காணாமலே வீழ்ந்தால் காண்போர்க்கு அது வெறும் வீழ்ச்சி. அவன் கண்டு, அது மாணிக்கம் என உணர்ந்து, முன்னாள் தான் விரைந்து உரைத்த சொல்லை நினைந்து, தானே கள்வன் எனத் தன்மேல் தானே தீர்ப்புரைத்து வீழ்ந்தால், அரங்கம் முழுதும் அவனோடு அத்தீர்ப்பைக் கேட்கும்.

சிறு பாத்திரங்களுக்கும் இம்முறை பொருந்தும். கண்ணகியின் வருகையை அறிவிக்கும் வாயிலோன் பகுதியை 'இரண்டு வரி' எனத் தள்ளுவர். ஆனால் அவளை முதலிற் கண்டவன் அவனே. கொற்றவையோ, காளியோ எனத் தடுமாறும் அச்சம் அவனிடத்து மெய்யாகத் தோன்றிவிட்டால், கண்ணகி மேடைக்கு வருமுன்னரே காண்போர் அவளைக் கண்டுவிடுவர்.

குறைநிறை கூறும் முறை

மேற்கூறிய வினாக்களை யார் எழுப்புவது? ஆசிரியர் ஒருவரே எழுப்புதல் வேண்டும் என்பதில்லை. அன்று மேடையில் வேலையில்லாத மாணவர் அனைவரும் காண்போராக அமர்ந்து உதவலாம். ஆனால் இவ்வுதவி முறையின்றி நிகழுமாயின் நன்மையிற் பெரிய தீமையாய் முடியும். உயிரில்லை என்பான் ஒருவன். மிகையாயிற்று என்பான் மற்றொருவன். திரைப்பட நடிகர் ஒருவர் பெயரைக் கூறி அவரைப் போலச் செய்க என்பான் மூன்றாமவன். கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த முதலாண்டு மாணவன் ஒருவன் தன் ஊர் வழக்கில் ஒரு சொல்லை உச்சரித்தால் பலர் நகைப்பர். நன்கு நடித்திருக்கக்கூடிய மாணவர் முதல் ஒத்திகையோடு நின்றுவிடுதலை யாம் கண்டிருக்கின்றோம். அவர் இழந்தது ஒரு நாடகப் பகுதி மட்டுமன்று. பலர்முன் வாய்திறக்கும் துணிவையும் இழந்தனர்.

அமெரிக்க நாட்டு நடன ஆசிரியை லிஸ் லெர்மன் 1990-ஆம் ஆண்டளவில் இதற்கென ஒரு முறையை வகுத்தார். கலைஞர் தம் படைப்பைக் காட்டிய பின்னர், காண்போர் முதலில் தம் மனத்திற் பதிந்தவற்றை மட்டும் கூறுவர். அடுத்து, படைத்தவரே தமக்குள்ள ஐயங்களைக் காண்போரிடம் வினவுவர். மூன்றாவதாகக் காண்போர் தம் கருத்தை உள்ளே மறைத்து வையாத வினாக்களை எழுப்புவர். இறுதியில், 'இன்ன பகுதியைப் பற்றி எனக்கு ஒரு கருத்துண்டு, கேட்க விரும்புகின்றீரா?' என இசைவு பெற்றே கருத்துரைப்பர். நாடகப் பயிற்சிக்கும் இது முற்றும் பொருந்தும்.

மேற்கூறிய பாண்டியனையே வைத்து இதனை விளக்குவோம். முதற்கண், 'சிலம்பு கொணர்க என்றபோது நின் கை சற்றே தயங்கிற்று. அது எம் மனத்தில் நின்றது' என்பது கண்டதைக் கூறல். அத்தயக்கம் நடிகன் அறியாமலே நிகழ்ந்திருக்கலாம். பிறர் கூறிய பின் அவன் அதன் காரணத்தைத் தேடத் தொடங்குவான். அடுத்து, 'யான் தேவியின் கனாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குப் புலப்பட்டதா?' என நடிகனே வினவலாம். மூன்றாவது படியில், 'அரசன் ஏன் இவ்வளவு சினக்கின்றான்?' என வினவினால் அவ்வினாவினுள் பழிப்பு ஒளிந்திருக்கின்றது. 'கண்ணகி நுழையும்போது அரசன் அவளை யாரென எண்ணுகின்றான்?' என்பதில் பழிப்பில்லை. ஆயின் அவ்வினாவுக்கு விடை தேடும் நடிகன் அதட்டலைத் தானே கைவிடுவான். கருத்துக் கூறும் இறுதிப் படியிலும், 'நடிப்பிற் போதிய ஆழமில்லை' என்பது பயனற்ற சொல். 'சிலம்பு உடைந்தபோது நீ கண்ணகியை நோக்கினாய். பரலை நோக்கினாயில்லை' என்பதே அவன் கையிற் பற்றிக்கொள்ளத்தக்கது.

குறை கூறுவோர்க்கு வேறு நான்கு நெறிகளும் உண்டு. நடிப்பின் நடுவே குறுக்கிடலாகாது. காட்சி முடிந்த பின்னரே பேசுதல் வேண்டும். ஒரு வேளையில் ஒன்றிரண்டு குறைகளுக்குமேற் கூறலாகாது. கூறிய உடனே அக்காட்சியை மீண்டும் நடிக்கச் செய்தல் வேண்டும், ஏனெனிற் செயலிற் படாத அறிவுரை மறுநாள் மறந்துபோம். எல்லாவற்றினும் முதன்மையாக, தாமே எழுந்து நடித்துக் காட்டலாகாது. நடித்துக் காட்டுதல் விரைவிற் பயன் தருவது போலத் தோன்றும். ஆனால் மாணவன் அதனின்றும் பெறுவது பிறர் ஒருவரது நான்காம் படியையே; முதல் மூன்றும் காட்டியவரிடமே தங்கிவிடும்.

ஒத்திகையின் படிகள்

ஒத்திகைகளை முறைப்படுத்திக்கொள்ளின் இவையனைத்துக்கும் காலம் கிடைக்கும். ஆறு வாரம் உளதாயின், முதல் வாரம் அனைவரும் வட்டமாக அமர்ந்து நூலைப் படித்து வினவுதற்கே உரியது. அப்பொழுது நெட்டுருச் செய்தல் வேண்டா. பொருள் தெளியுமுன் நெட்டுருச் செய்த உரை ஓரோசையாக இறுகிவிடும், பின்னர் அதனை நெகிழ்த்தல் அரிது. இரண்டாம் வாரம் காட்சிகளைத் தம் சொந்தச் சொற்களாற் பேசி நடித்துப் பார்க்கலாம். பேச்சு வழக்கில், 'அம்மா, நீங்க யாரு? ஏன் அழுறீங்க?' எனக் கண்ணகியை வினவிப் பார்த்த பாண்டியன், செய்யுளுக்குத் திரும்பும்போது அதட்ட மாட்டான். மூன்றாம் வாரத்தில் ஒவ்வொருவரும் தம் பாத்திரமாகவே ஓர் இருக்கையில் அமர, ஏனையோர் வினவலாம்: 'அரசே, அப்பொற்கொல்லனை எத்தனை ஆண்டாக அறிவீர்?', 'ஐயா, உம் தம்பி சென்ற நாளில் நீர் எங்கிருந்தீர்?' நூலில் இல்லாத விடைகளை அவர் தாமே அமைத்துக்கொள்வர். அவை மேடையிற் பேசப்படா, ஆயினும் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் கீழிருந்து தாங்கும். நான்காம் ஐந்தாம் வாரங்கள் நூலின் சொற்களோடும் மேடை இயக்கத்தோடும் காட்சி காட்சியாகப் பயில்வதற்கும், மேற்கூறிய முறையிற் குறைநிறை கேட்பதற்கும் ஆம். இறுதி வாரத்தில் முழு நாடகத்தையும் இடையறாது நடத்தல் வேண்டும். அப்பொழுது புதிய குறைகள் கூறுதலைப் பெரும்பாலும் நிறுத்திவிடல் நன்று. மேடையேறும் நாளிற் பிறர் சொற்கள் செவியில் ஒலித்துக்கொண்டிருப்பின் நடிகன் பரலை எங்ஙனம் காண்பான்?

ஆறு வாரம் மிகை எனத் தோன்றுமாயின், சிலப்பதிகாரத்து மாதவியை நினைவு கூர்க. ஐந்தாம் ஆண்டிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டு ஆடலும் பாடலும் அழகும் குறைவறப் பயின்று, பன்னிரண்டாம் ஆண்டிலேயே அவள் அரங்கேறினாள். அவள் பின்னே ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற் புலவன், தண்ணுமை, குழல், யாழ் வல்லோர் எனப் பலர் நின்றனர். ஒருவர் நடிப்பு ஒருவரால் மட்டும் உருவாவதில்லை என்பதனை இளங்கோவடிகள் அன்றே அறிந்திருந்தார்.

முடிவுரை

மேடையில் நிற்கும் காலம் நம் வாழ்விற் சிறிது. நம்முட் பலர் பள்ளி ஆசிரியராகவும், ஓய்வுநாட் பாடசாலையிற் கற்பிப்போராகவும், அலுவலகங்களிற் பிறர் வேலையை மேற்பார்ப்போராகவும் செல்ல இருக்கின்றோம். அங்கெல்லாம் பிறர் செயலில் உள்ள குறையை எடுத்துக்கூறும் கடமை நமக்கு நேரும். கண்டதைக் கண்டவாறு கூறல், காரணத்தை வினவல், விடைக்குக் காத்திருத்தல், மீண்டும் செய்ய இடமளித்தல் என்னும் நான்கும் ஒத்திகை மேடையிற் பழகினால் அங்கும் கைவரும்.

பாண்டியன் செய்த பிழை ஒன்றே ஒன்று. வினவுதற்கு முன் தீர்ப்புரைத்தான். அவனை நடிக்க வந்த தோழன் முன் அமர்ந்திருக்கும் நாம், வினவாமலே 'உயிரில்லை' எனத் தீர்ப்புரைப்போமாயின் அப்பிழையையே நாமும் செய்தவராவோம். வரும் ஆண்டின் விழாவுக்கு நாடகம் தேர்ந்தெடுக்கும் நண்பர்கள், உடைக்கும் திரைக்கும் பொருள் திரட்டுதற்கு முன்னர், வினவுதற்கும் கேட்டற்கும் வேண்டிய நாட்களை முதலில் ஒதுக்கிக்கொள்வாராக.